வீட்டுக்குள் செடி வளர்க்க எத்தனை லக்ஸ் வெளிச்சம் வேண்டும்?

வெளிச்ச விஷயத்தில் கண்ணை நம்பக்கூடாது. ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதன் அளவுதான் லக்ஸ். நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். டியூப்லைட் எரியும் ஹாலில் 200, 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இரண்டும் நமக்கு நல்ல வெளிச்சமாகவே படும். இலைக்கு அந்த வசதி இல்லை.

படி 1: அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் ஒரு லக்ஸ் மீட்டர் செயலி போதும். சென்சார் பெரும்பாலும் செல்ஃபி கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். இலை இருக்கும் உயரத்தில், திரை விளக்கைப் பார்க்கும்படி போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். உங்கள் நிழல் விழக்கூடாது. ஜன்னலோரம் என்றால் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் அளக்க வேண்டும். போன் காட்டுவது துல்லியமாக இருக்காது, ஆனால் இடத்துக்கு இடம் ஒப்பிட உதவும்.

'தெற்கு ஜன்னல்தான் சிறந்தது' என்பது ஐரோப்பா, அமெரிக்காவுக்கான அறிவுரை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கு ஜன்னலுக்குள் வெயில் ஆழமாக விழுவது கார்த்திகை, மார்கழியில்தான்.

படி 2: செடியின் தேவை

மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட் போன்றவை 1,000 முதல் 2,500 லக்ஸில் தாக்குப்பிடிக்கும். மைக்ரோகிரீன் (முளைத்த சில நாளில் அறுக்கும் இளங்கீரை), நாற்றுகளுக்கு 7,000 முதல் 14,000. லெட்யூஸ், பேசில் என்றால் 14,000 முதல் 20,000. தக்காளியும் மிளகாயும் காய்க்க 30,000-க்கு மேல் வேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்தால் அது கட்டுபடியாகாது. நாற்றை உள்ளே வளர்த்து, பால்கனிக்கோ மாடிக்கோ மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

படி 3: விளக்கும் உயரமும்

நாலடி நீள, 20 வாட் வெள்ளை எல்இடி பேட்டன் இரண்டு வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் 2,000 லூமென் என்று போட்டிருக்கும். அது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி. இலையில் விழுவதுதான் லக்ஸ். இரண்டையும் நெருக்கமாகப் பொருத்தி, இலைக்கு 20 செ.மீ. மேலே தொங்கவிட்டால் நடுவில் ஏறக்குறைய 7,000, 8,000 லக்ஸ் கிடைக்கும். ஓரங்களில் குறையும், அதனால் தட்டுகளை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். லெட்யூஸுக்கு நான்கு பேட்டன் தேவை.

நீள விளக்கை இரு மடங்கு தூரத்துக்கு உயர்த்தினால் வெளிச்சம் பாதியாகும். குண்டு பல்பில் அதுவே கால்வாசியாகிவிடும். அதனால் கயிறோ சங்கிலியோ போட்டு, செடி வளர வளர விளக்கை ஏற்றும்படி அமையுங்கள். ஆணியடித்து நிலையாகப் பொருத்தினால் ஆரம்பத்தில் நாற்றுக்கு வெளிச்சம் பத்தாது, வளர்ந்தபின் இலை விளக்கில் இடிக்கும்.

செடிக்கென்றே விற்கும் ஊதா நிற க்ரோ லைட்டை லக்ஸில் அளக்காதீர்கள். மனிதக் கண்ணுக்கு நன்கு தெரியும் பச்சைக்குத்தான் லக்ஸ் அளவு முக்கியத்துவம் தரும். சிவப்பும் நீலமும் அதில் குறைவாகவே காட்டும்.

படி 4: மணிக்கணக்கு

வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70-ஆல் வகுங்கள். வினாடிக்குச் சதுர மீட்டரில் விழும், செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை, மைக்ரோமோல் என்ற அலகில், ஏறக்குறைய வந்துவிடும். அதை விளக்கு எரியும் மணிகளாலும் 0.0036-ஆலும் பெருக்கினால் ஒரு நாளைய மொத்தம், மோல் கணக்கில். 8,000 லக்ஸ், 14 மணி நேரம் என்றால் 5.8 மோல். நாற்றுக்கு இது போதும். லெட்யூஸ் கட்டாக வளர 12 மோலாவது வேண்டும். பத்தாவிட்டால் முதலில் 16 மணி வரை நீட்டிப் பாருங்கள், பிறகு விளக்கைக் கூட்டலாம். கையால் அணைத்துப் போடுவது நினைவிருக்காது. டைமர் பிளக் வாங்கிவிடுங்கள்.

எங்கே தவறும்?

தண்டு வெளிறி, நூல்போல் நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. இதைப் பலர் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவார்கள். தண்டு இன்னும் பலவீனமாகும். விளக்கை 5 செ.மீ. இறக்குங்கள். விளக்குக்கு நேர்கீழே உள்ள நுனி இலைகள் மட்டும் வெளுத்தோ, ஓரம் சுருண்டோ இருந்தால் அதிகமாகிவிட்டது, 5 செ.மீ. ஏற்றுங்கள். ஏற்கெனவே நீண்ட தண்டும் வெளுத்த இலையும் பழையபடி ஆகாது, அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சீக்கிரம் வளரட்டுமென்று 24 மணி நேரமும் எரிய விடாதீர்கள். தக்காளி நாற்றில் அப்படி விட்டால் இலை மஞ்சளடித்துக் கெட்டுவிடும்.