விமானத் தரை இந்த எடையைத் தாங்குமா? கணக்குப் போடும் முறை

போயிங் 737 வகை விமானங்களின் கீழ்த்தள கார்கோ ஹோல்டில் (சரக்கு அறையில்) தரை தாங்கும் வரம்பாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது சதுர மீட்டருக்கு 732 கிலோ. 300 கிலோ மோட்டார் பெட்டி ஒன்று வருகிறது. 300 எங்கே, 732 எங்கே என்று அப்படியே உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

முதலில் பெட்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். பெட்டி முழுதாகத் தரையில் உட்காராது, 80 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள இரண்டு அடிக்கட்டைகள் மேல்தான் நிற்கும். தொடும் பரப்பு மொத்தம் 0.16 சதுர மீட்டர். 300-ஐ 0.16-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1,875 கிலோ, அதாவது வரம்பைப் போல இரண்டரை மடங்கு!

அடுத்து, எவ்வளவு பரப்பு வேண்டும் என்று பாருங்கள். கீழே போடும் பலகைகளுக்கும் எடை உண்டு, பலரும் இதை மறந்துவிடுவார்கள். அதற்கு 20 கிலோ சேர்த்து 320-ஐ 732-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.44 சதுர மீட்டர் வருகிறது.

சரி, அகலமான பலகை போட்டால் போதுமா? போதாது. மெல்லிய பலகை ஓரத்தில் வளைந்துகொடுக்கும், எடை நடுவிலேயே இறங்கும். பலகை எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம்தான் ஒவ்வொரு பக்கமும் எடை பரவும் என்பது நடைமுறைக் கணக்கு. 2 செ.மீ. பலகை என்றால் 10 செ.மீ. கட்டை 14 ஆகும், அவ்வளவுதான். 7 செ.மீ. தடிமன் என்றால் 24 செ.மீ. அகலம், 94 செ.மீ. நீளம், இரண்டுக்கும் சேர்த்து 0.45 சதுர மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 710 கிலோ, வரம்புக்குள் வந்துவிட்டது.

அப்புறம் நீளவாட்டு வரம்பு. விமானத்தின் நீளத்தில் ஒரு மீட்டருக்கு எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது தனிக் கணக்கு. தரைக்கு அடியில் குறுக்கே போகும் உத்தரங்களும் அவை பிடித்திருக்கும் உடற்சட்டங்களும் தாங்க வேண்டுமே. நம் பலகைகளை நீளவாட்டில் வைத்தால் 320-ஐ 0.94-ஆல் வகுக்க, மீட்டருக்கு 340 கிலோ. இதை அந்த விமானத்துக்கான எடை-சமநிலைக் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 732-ஐயும் அதிலேயே சரிபாருங்கள், வகைக்கு வகை, பகுதிக்குப் பகுதி மாறும்.

"எப்படியும் 1.5 மடங்கு பாதுகாப்பு வைத்துத்தானே கட்டியிருப்பார்கள், கொஞ்சம் கூடினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பயணிகள் விமானத்தின் கட்டமைப்பு குறைந்தது 2.5 ஜி விசைக்கு, அதாவது எல்லாமே தன் எடையைப் போல இரண்டரை மடங்கு அழுத்தும் நிலைக்கு, வடிவமைக்கப்படுகிறது, அந்த விசை வரும் நேரத்தில் உங்கள் 320 கிலோ தரையை 800 கிலோவாக அழுத்தும். அந்த 1.5 மடங்கு அதற்கும் மேலே வைத்த இருப்பு, சரக்கு ஏற்றுபவர் கை வைக்கக் கூடாதது.