சிறுநீர்த் தொற்றில் மருந்தெதிர்ப்பைக் கணித்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானிலிருந்து சிறுநீர்க் கடுப்போடு வைத்தியசாலைக்கு வரும் ஒரு பெண்ணின் சிறுநீரை வளர்ப்புப் பரிசோதனைக்கு (கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்பதற்கு) அனுப்பினால், முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும்; மருந்தை அன்றே எழுத வேண்டியிருக்கும். அன்றைக்குக் கையிலுள்ள விபரங்களைக் கொண்டு, ஒரு மருந்தைக் கிருமி எதிர்த்து நின்று, அது பலிக்காமற்போகும் வாய்ப்பை மதிப்பிடும் மாதிரியுரு ஒன்றை, அதாவது பழைய பதிவுகளிலிருந்து கற்றுக் கணிக்கும் கணினிச் சூத்திரம் ஒன்றை, அமைப்பதே நமது வேலை.

முதலில் ஒரேயொரு மருந்தைத் தெரிவுசெய்யுங்கள். சிப்புறோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி என்று வைத்துக்கொள்வோம். இத்தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈ.கோலை என்ற குடற்கிருமி காரணமாயினும், மருந்து எழுதும் வேளையில் கிருமியின் பெயர் தெரியாது என்பதால், அதை மாதிரியுருவுக்குள் சேர்க்கக்கூடாது. புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான்.

அடுத்து, ஆய்வுகூடப் பதிவேட்டிலிருந்து பெயர்களை நீக்கி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் இலக்கமிட்டு, ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி என்று அட்டவணை அமையுங்கள். எதிர்ப்பு இருந்தால் 1, இல்லையேல் 0. வயது, பால், நீரிழிவு, அண்மையில் வைத்தியசாலை விடுதியில் தங்கியமை, முந்தைய பரிசோதனையில் எதிர்ப்பு இருந்தமை, கடந்த 90 நாட்களில் எடுத்த நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை நிரல்களாகும். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நெடுங்காலம் கதீற்றருடன் (சிறுநீர் வெளியேற்றும் குழாயுடன்) வாழ்பவர்கள் வன்னியில் இருப்பதால், கதீற்றருக்கும் தனி நிரல் வேண்டும்.

இவற்றுள் முந்தைய எதிர்ப்பும் அண்மையில் எடுத்த நுண்ணுயிர்க்கொல்லியுமே பெரும்பாலும் அதிகம் பேசும். ஆனால் பாமசியில் நேரே வாங்கி விழுங்கிய குளிசை எந்தக் கிளினிக் கொப்பியிலும் இராது. வெற்றிடத்தை "எடுக்கவில்லை" என்று நிரப்பினால் மாதிரியுரு பொய்யையே கற்கும். ஆகவே "ஆம்", "இல்லை", "தெரியாது" என மூன்று விடைகளை வைத்து, குளிசையின் மட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது நல்லது.

பைதன் என்ற கணினி மொழியில் லொஜிஸ்ரிக் ரிகிரெஷன் (ஆம், இல்லை என்ற விடைக்கான வாய்ப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறை) போதும். பழைய ஆண்டுகளின் வரிகளில் பயிற்றுவித்து, பிந்திய மாதங்களில் சோதியுங்கள். ஒரே நோயாளி இரண்டு பக்கமும் வரக்கூடாது. 30 சதவீதம் என்று கணிக்கப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ முப்பது பேருக்கு எதிர்ப்பு இருந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

எண்கள் பொருந்தினாலும் உடனே வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் மருந்திலேயே சுகமானவர்கள் பரிசோதனைக்கு வருவது அரிது என்பதால், பதிவேடு எதிர்ப்பை மிகைப்படுத்தியே காட்டும். சில வாரங்களுக்கேனும் கடுப்போடு வரும் எல்லோரது சிறுநீரையும் வளர்ப்புக்கு அனுப்பி, அந்த முடிவுகளோடு கணிப்பை ஒப்பிட்டுத் திருத்திய பிறகே, வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள்.