ஊர்க் கலைவிழா நடத்துவது எப்படி: ஒரே மாலை, ஐந்து கலைகள், ஐந்நூறு பேர்

பறை, சிலம்பம், ஒயிலாட்டம், கரகாட்டம், கடைசியில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெருக்கூத்து. நம் ஊர்த் திடலில் ஒரே மாலையில் இவ்வளவையும் நடத்த முடியும். ஐந்நூறு பேர் வரும் விழாவுக்கு இருபது தன்னார்வலர்கள் போதும். தேவைப்படுவது மூன்று மாத முன்தயாரிப்பு. திட்டத்தை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேடை, பேனர், சிறப்பு விருந்தினர் என்று ஆரம்பித்தால் கலைஞர்கள் மிச்சமிருக்கும் இடத்திலும் நேரத்திலும் ஆட வேண்டியதாகிவிடும். அதனால் கருவிக்கும் ஆடுபவரின் உடலுக்கும் என்ன தேவை என்று முதலில் கேட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமையுங்கள்.

நாள்

தை கடைசியும் மாசி முதல் பாதியும்தான் நல்ல காலம். பங்குனி முதல் வைகாசி வரையிலும், பிறகு ஆடியிலும் கோயில் திருவிழாக்கள் நிறைந்திருக்கும். கலைஞர்கள் ஆண்டு முழுமைக்கும் சம்பாதிப்பது அந்த மாதங்களில்தான். அப்போது கூப்பிட்டால் நல்ல குழு கிடைக்காது. கிடைத்தாலும் முந்தைய இரவு முழுக்க ஆடிய களைப்போடு வந்து நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிட்டால் ஒலிபெருக்கி வைப்பதே ஊருக்குச் சங்கடம். சனிக்கிழமையாக இருந்தால் மறுநாள் சுத்தம் செய்ய ஆள் கிடைக்கும்.

குழுக்கள்

உங்கள் வட்டாரத்துக் கலையையே முதலில் தேடுங்கள். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கம் என்றால் ஜமா எனப்படும் கூத்துக் குழுக்கள் அருகிலேயே இருக்கும். நெல்லை, குமரியில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும், கொங்கில் ஒயிலும் உடுக்கைப் பாட்டும் இருக்கின்றன. பக்கத்துக் குழு என்றால் வண்டிச் செலவு குறையும், பார்க்க வருபவர்களுக்கும் பாட்டும் கதையும் பழக்கமானதாக இருக்கும். மாவட்டக் கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் கேட்டால் குழுக்களின் விவரம் கிடைக்கும். ஆனாலும் நேரில் ஒருமுறை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் பேசுங்கள்.

வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன கதை, மொத்தத் தொகை, வண்டி யார் பொறுப்பு, மழை வந்தால் எவ்வளவு. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, சண்டை வருவதோ அங்கேதான். கலைஞர்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு மழை பெய்தால் முழுத் தொகையும் தர வேண்டும், அதுவே நியாயம். மொத்தச் செலவில் பாதியாவது கலைஞர்களுக்குப் போகும்படி வரவு செலவை அமையுங்கள். பணம் குறைந்தால் விளக்கையும் பந்தலையும் குறைக்கலாம், ஒரு நிகழ்ச்சியையே விடலாம். கரகாட்டத்துக்கு ஐந்து பேர் வாசிக்க வேண்டிய நையாண்டி மேளத்தை மூன்று பேராகச் சுருக்கச் சொல்லாதீர்கள். பம்பையும் தமுக்கும் இல்லாமல் கரகம் ஆடுபவருக்குத் தாளம் கிடைக்காது.

அனுமதி

காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும், குறைந்தது மூன்று வாரம் முன்னால். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம் என்பதால், திடலை முடிவு செய்யும் முன்பே அளந்து பாருங்கள். கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். திடல் யாருடையதோ, ஊராட்சியோ பள்ளியோ, அவர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள். தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய காலமா என்றும் பாருங்கள். நடத்தை விதிகள் வந்துவிட்டால் கொடுத்த அனுமதியையும் மறுபடி கேட்க வேண்டி வரலாம்.

ஆடுகளம்

இந்தக் கலைகள் மண்ணில் ஆடப் பிறந்தவை. பலகை மேடையில் ஒயிலாட்டம் ஆடினால் சலங்கைச் சத்தத்தை மேடையின் ‘திம் திம்’ விழுங்கிவிடும், பலகை இடுக்கில் கால் விரலும் மாட்டும். 30 அடிக்கு 30 அடி தரைக் களம் ஒதுக்கி, மூன்று பக்கமும் மக்களை உட்கார வையுங்கள். முன்னால் ஜமக்காளமும் தார்ப்பாயும், பின்னால் 200 நாற்காலி. முன்வரிசையில் நாற்காலி போட்டால் பின்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியாது.

விழாவுக்கு முதல் நாள் நான்கு பேர் வரிசையாக நடந்து கல், ஆணி, கண்ணாடித் துண்டு, முள் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ஆடுபவர்கள் வெறுங்கால். விழா அன்று மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் தெளியுங்கள். ஐந்து மணிக்குத் தெளித்தால் சேறாகி வழுக்கும், தெளிக்காவிட்டால் நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கும்போது புழுதிதான் போகும். களத்துக்கு மேலே 12 அடி உயரம் வரை தோரணம், சீரியல் பல்பு ஒயர் எதுவும் தொங்கக் கூடாது. கரகத்தின் உச்சியில் இருக்கும் பொம்மைக் கிளி ஒயரில் மாட்டினால் தலையில் இருக்கும் செம்பு கீழே வரும். சிலம்பத்தின்போது குழந்தைகள் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வருவார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு தன்னார்வலரை உட்கார வையுங்கள்.

தோல் கருவியும் தீயும்

பறையின் தோலைத் தீயில் காய்ச்சாமல் அடித்தால் பொத்தென்று கேட்கும். மாசிப் பனியில் தோல் ஈரம் இழுத்துச் சீக்கிரம் தளர்ந்துவிடும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூடக் காய்ச்ச வேண்டியிருக்கும். எனவே களத்துக்கு அருகிலேயே, பந்தலிலிருந்து 30 அடி தள்ளி, பொறி பந்தல் பக்கம் பறக்காதபடி காற்று வீசிப்போகும் பக்கத்தில் ஒரு தீக்குழி வேண்டும். இரண்டு கட்டு வைக்கோலும் காய்ந்த தென்னை ஓலையும் சேர்த்து வையுங்கள், பக்கத்தில் இரண்டு வாளி மணலும் இரண்டு வாளி தண்ணீரும். பந்தல்காரரிடம் தீக்குழி எங்கே என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் துணிப் படுதாவை அங்கேதான் கட்டுவார். பறை நிகழ்ச்சிக்கு முன் காய்ச்சுவதற்கென்றே பதினைந்து நிமிடம் நிகழ்ச்சி நிரலில் எழுதுங்கள்.

சிறப்பு விருந்தினரின் காருக்காகப் பறைக் குழுவைத் தெருமுனையில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கை ஓய்ந்துபோகும் என்பது ஒரு காரணம். பறையை வரவேற்புச் சத்தமாக மட்டும் வைத்து, அடிப்பவரை வாசலிலேயே நிறுத்திய பழைய வழக்கத்தை நம் விழா தொடரக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். அவர்களுக்குக் களத்தின் நடுவில் முழு அரை மணி நேரம் கொடுங்கள், குழுத் தலைவர் பேச விரும்பினால் மைக்கையும் கொடுங்கள்.

மின்சாரமும் ஒலியும்

களத்துக்குப் பத்துப் பன்னிரண்டு எல்இடி விளக்குகள், ஒலி அமைப்பு, சமையல் இடம், கழிப்பறை விளக்கு எல்லாம் சேர்த்து ஆறேழு கிலோவாட்டுக்குள் அடங்கும். தற்காலிக மின் இணைப்பு வாங்கினாலும் 15 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றைத் தயாராக வையுங்கள். விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். ஒரே லைனில் இருந்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் ஓடும். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து மதியமே பார்த்துவிடுங்கள். தண்ணீர் தெளித்த தரையில் ஒயர் கிடக்கும்.

மைக்செட்காரருக்கு ஒரு சேதி: பறைக்கும் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இந்த அளவுக் கூட்டத்தில் மைக் தேவையே இல்லை. மைக் தேவைப்படுவது கூத்துக்கு. சட்டையில் குத்தும் மைக் தோளில் கட்டும் புஜக்கட்டையிலும் மார்புப் பதக்கத்திலும் உரசிக் கரகரக்கும், வியர்வையில் நின்றும் போகும். களத்தின் முன்விளிம்பில் இரண்டு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வேண்டுமானால் இன்னொன்று. ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் ஃபீட்பேக் கூவும்.

நேரம்

மாலை 5:15க்குப் பறை காய்ச்சல். 5:30க்குத் தெருவழியாக ஊர்வலம், 6 மணிக்குக் களத்தில் பறை. 6:30 சிலம்பம், 6:50 ஊர்ப் பிள்ளைகளின் ஒயிலாட்டம், 7:15 பேச்சு. பேச்சு பத்து நிமிடம், மூன்று பேருக்கு மேல் வேண்டாம், பொன்னாடை எல்லாம் கலைஞர்களுக்கே. 7:25க்குக் கரகம், நாற்பத்தைந்து நிமிடம். 8:10லிருந்து 9:45 வரை கூத்து. கூத்து விடியவிடிய நடக்கும் கலை. ஒன்றரை மணி நேரத்துக்கு கதையின் எந்தக் கட்டத்தை எடுப்பது என்று கூத்துக் குழுவின் வாத்தியார்தான் முடிவு செய்ய வேண்டும், ஒரு மாதம் முன்பே அவரிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். முந்தைய நிகழ்ச்சிகள் நீண்டால் வெட்டு விழுவது எப்போதும் கூத்தில்தான். கதையை அறிமுகப்படுத்தி, வேடிக்கை பேசி நடத்திச் செல்லும் கட்டியக்காரனை அவசரப்படுத்தினால் கதையே கெட்டது.

ஒப்பனை அறை

கூத்துக்காரர்கள் முக ஒப்பனைக்கும் கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டவும் இரண்டு மூன்று மணி நேரம் எடுப்பார்கள். மதியம் நான்கு மணிக்கே அறை வேண்டும்: வெளிச்சம், மின்விசிறி, பாய், இரண்டு பெரிய கண்ணாடி, ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி, வெந்நீர். பெண் கலைஞர்களுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள தனி அறையும் அருகிலேயே கழிப்பறையும் இருக்க வேண்டும், வாசலில் ஒரு பெண் தன்னார்வலர். கரகாட்டத்தின்போது ஆடுபவரின் உடையில் ரூபாய் குத்துவதும் ஆபாசமாகக் கூவுவதும் கிடையாது என்று தொடக்கத்திலேயே மைக்கில் அறிவித்துவிடுங்கள். மீறுபவரை வெளியே அழைத்துப்போக ஊர்ப் பெரியவர் இருவரை முன்பே பேசி வையுங்கள்.

சாப்பாடு

எல்லாக் கலைஞர்களும் ஏற்பாட்டாளர்களும் ஒரே பந்தி. ஆடுபவர்களுக்கு நான்கரை மணிக்கு இட்லி போன்ற லேசான உணவு, ஆட்டம் முடிந்ததும் சூடான சாப்பாடு. கூத்துக்காரர்கள் அரிதாரம் பூசும் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். கூட்டத்துக்குச் சுண்டல் கொடுப்பதானால் ஒரு கிலோ கொண்டைக்கடலை வெந்து இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும், ஏறத்தாழ இருபது தொன்னை. முந்நூறு தொன்னைக்கு 15 கிலோ, முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும். குடிநீர் 20 லிட்டர் கேன் பதினைந்து.

பணம் அன்றிரவே

மீதித் தொகையைக் கலைஞர்கள் வண்டியேறும் முன் கையில் கொடுங்கள், ‘திங்கட்கிழமை போட்டுவிடுகிறோம்’ என்பது கூடாது. குழுத் தலைவரிடம் மொத்தமாகக் கொடுக்கும்போது மற்றவர்களும் அங்கே இருக்கட்டும், தொகையைச் சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள். வண்டி கிளம்பும் முன் தவில், செம்பு, கிரீடப் பெட்டிகளை எண்ணி ஏற்ற இரண்டு பேர் நிற்க வேண்டும். இருட்டில் சலங்கையும், தவில்காரர் விரலில் மாட்டும் கூடும் அடிக்கடி தொலையும். எடுத்த படங்களையும் காணொளியையும் ஒரு வாரத்துக்குள் குழுக்களுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த ஊரில் நிகழ்ச்சி பிடிக்க அவர்கள் காட்டுவது அதைத்தான்.