விளாதிமிர் என்றால் ‘உலகை ஆள்பவன்’ அல்ல

குழந்தைப் பெயர்ப் பட்டியல் எதைத் திறந்தாலும் விளாதிமிருக்கு நேரே ‘உலகை ஆள்பவன்’ என்றுதான் போட்டிருக்கும். ‘விளாத்’ என்றால் ஆட்சி. ‘மிர்’ இன்றைய ரஷ்ய மொழியில் உலகத்தையும் குறிக்கும், அமைதியையும் குறிக்கும். இரண்டையும் ஒட்டிப் பொருள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 988இல் கீவ் நாட்டைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த மன்னரின் பெயர் பழைய வடிவில் ‘வொலொதிமேர்’. அந்த ‘மேர்’ பெருமை, புகழ் என்ற பொருளுடைய பழஞ்சொல். ஜெர்மானியப் பெயரான வால்டெமாரில் வரும் ‘மார்’ அதற்கு உறவு. ஆட்சியால் பெருமை பெற்றவன் என்பதே மூலப்பொருள். ‘மேர்’ வழக்கொழிந்தபின், காதுக்குப் பழகிய ‘மிர்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்த ‘மிர்’ கூட எப்போதும் ஒரே மாதிரி எழுதப்பட்டதல்ல. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் உலகம் என்ற ‘மிர்’ ஓர் எழுத்தாலும் அமைதி என்ற ‘மிர்’ வேறோர் எழுத்தாலும் எழுதப்பட்டன. இன்றைய அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுப் பெயரை வெட்டிப் பொருள் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஓர் அசையே போதும்.

ரஷ்யர்கள் வைத்துக்கொள்ளும் பெயர் எல்லாம் ஸ்லாவியப் பெயர், அதாவது ரஷ்யம், போலிஷ் போன்ற மொழிகளின் குடும்பத்தில் பிறந்த பெயர், என்று நினைப்பதும் பரவலான தவறு. யாரஸ்லாவ், மிரஸ்லாவ், ஸ்வியத்தஸ்லாவ் போல ‘ஸ்லாவ்’ என்று முடிபவை ஸ்லாவிய மண்ணின் சொந்தப் பெயர்கள். ‘ஸ்லாவா’ என்றால் புகழ். ஆனால் செர்கேய் ரோமானியக் குலப்பெயர். ஓல்கா, இகோர் இரண்டும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து படகேறி வந்தவை. வொலொதிமேரின் பாட்டி ஓல்காவின் பெயர் ஸ்காண்டிநேவிய ‘ஹெல்கா’தான். ரஷ்யாவுக்கே அடையாளமாக நாம் கருதும் இவானோ எபிரேயப் பெயர். கடவுள் அருளினார் என்று பொருள்படும் யோகனான் கிரேக்கம் வழியாகப் போய் இவான் ஆயிற்று. போலந்தில் யான், ஜெர்மனியில் ஹான்ஸ், அயர்லாந்தில் ஷான், இங்கிலாந்தில் ஜான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்தப் பெயரின் பொருளையே எடுத்துக்கொண்டு அருளப்பர் என்றார்கள். லத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள்படும் பவுல், அதே முறையில் நம்மிடம் சின்னப்பர் ஆனார். ரஷ்யாவில் அவர் பாவெல். நம் முன்னோர் செய்த இந்த மொழிபெயர்ப்புகளை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ரஷ்யர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற கிரேக்கப் பெயர்களைக் கொண்ட மூன்று புனிதச் சகோதரிகளை வேரா, நதேஷ்தா, லியுபோவ் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். தாயின் பெயரை மட்டும் சோபியா என்றே விட்டுவிட்டார்கள்.

பெயரின் ஒலியை வைத்து வயதைக் கணிக்கவும் கூடாது. ஸ்வெத்லானா பழங்காலப் பெயர் போல ஒலிக்கும்; ‘ஒளி’ என்ற சொல்லிலிருந்து பிறந்ததும் உண்மைதான். ஆனால் அது கவிஞர்கள் ஆக்கிய பெயர். ரஷ்யக் கவிஞர் ஜுகோவ்ஸ்கியின் ‘ஸ்வெத்லானா’ கதைப்பாடல் 1813இல் வந்த பிறகே மக்களிடம் பரவியது.

பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று கணிப்பதிலும் நாம் அடிக்கடி தடுக்கி விழுகிறோம். நிகிதா நம் நாட்டில் பெண் பெயர். ரஷ்யாவில் அது ஆண் பெயர், வெற்றியாளன் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நிகிதா குருசேவை நினைத்துக்கொள்ளுங்கள். இல்யா, மீஷா, வான்யா எல்லாரும் ஆண்களே. சாஷா மட்டும் அலெக்சாந்தராகவும் இருக்கலாம், அலெக்சாந்த்ராவாகவும் இருக்கலாம். சிறு வயதில் மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படிக்கும்போது சாஷா, அலெக்சாந்தர், அலெக்சாந்தர் இவானவிச் மூவரும் ஒருவரே என்று புரியாமல், முதல் ஐம்பது பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டியிருக்கிறேன். சாஷா வீட்டில் கூப்பிடும் பெயர். இவானவிச் என்றால் இவானின் மகன். அதை நடுப்பெயர் என்று எண்ணி விட்டுவிடுவது பெரும் பிழை, ஏனென்றால் ரஷ்யாவில் மரியாதை அதில்தான் இருக்கிறது. ஆசிரியரையோ மருத்துவரையோ பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்தே அழைப்பார்கள். 1963இல் விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வலந்தினா விளாதிமிரவ்னா தெரெஷ்கோவா. அவருடைய தந்தையும் ஒரு விளாதிமிர் என்பதை அந்த நடுச்சொல்லே சொல்லிவிடுகிறது.

குடும்பப்பெயரும் பாலுக்கேற்ப மாறும். டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவாவின் தந்தை யூரி ஷரபோவ். ‘யூரி ஷரபோவா’ என்று எழுதினால் அது தவறு. ஐஸ்லாந்துக்குப் போனால் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. 1980இல் அந்நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரின் பெயரில் பின்பாதிக்கு ஃபின்போகியின் மகள் என்று பொருள். அவரை அங்கே விக்டிஸ் என்றுதான் அழைப்பார்கள். தந்தை பெயரை இனிஷியலாக்கி, தன் பெயரால் அறியப்படும் நமக்கு இது புதிதல்ல.

கடைசியாக, நம் வீடுகளுக்கே வந்துவிட்ட பெயர்கள். லெனின், ஸ்டாலின், கார்க்கி மூன்றையும் ரஷ்யர்கள் பிள்ளைகளுக்கு இடும் பெயர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். மூன்றுமே புனைபெயர்கள். கார்க்கி என்றால் கசப்பு. அவருடைய இயற்பெயர் அலெக்சேய் பெஷ்கோவ். ஸ்டாலின் ‘எஃகு’ என்ற சொல்லிலிருந்து ஆக்கிக்கொண்ட பெயர். அதைச் சூடிக்கொண்டவர் ஜார்ஜியர். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பின் ஜார்ஜிய வடிவம். அதே யோசேப்பு போர்த்துக்கீசியர் வாயில் ஜோசே ஆகி, நம் கடற்கரை ஊர்களில் சூசை ஆயிற்று.