கைப்பேசிக்கு முன் விளக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவள் நான். பால்மரம் வெட்டிய அம்மா, பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றுவார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது வேலை போனது, வீடும் போனது. விளக்கு நிற்கவில்லை.

நானோ தினமும் எழுந்ததும் கைப்பேசியில் ஈபிஎப் கணக்கை, அதாவது ஊழியர் சேமநிதிக் கணக்கைத்தான் திறப்பேன். தொகையைப் பார்த்தும் பயம் போகாது. அதிலிருந்து மீண்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் விளக்கு, அப்புறம் கைப்பேசி. எதற்குப் பயப்படுகிறீர்களோ அதை அம்மனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "மருந்துச் செலவுக்கு என்ன செய்வேன் தாயே" என்று அப்படியே கேளுங்கள்.

சேமிப்பை நிறுத்த வேண்டாம். 2024 மே முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகிறது. அது கிடக்கட்டும். எப்போதும் எடுக்கக்கூடிய 10 விழுக்காட்டைத்தான் மனம் சுற்றிச் சுற்றி வரும். வருடத்தில் ஒருமுறை, லாப ஈவு போடும்போது பார்த்தால் போதும்.

சம்பளம் வந்ததும் 20 வெள்ளியை (ரிங்கிட்டை) கோயில் அன்னதானத்துக்கு எடுத்து வையுங்கள். கை இறுகும் மாதத்தில் 5 வெள்ளியாவது வையுங்கள். அந்த மாதம்தான் கஷ்டமாக இருக்கும். எனக்கு இரண்டு தீபாவளி கழிந்த பிறகே கை நடுங்காமல் கொடுக்க வந்தது.