பலபேர் கைபடும் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பது எப்படி? (ஆரம்பநிலைச் செய்முறை)

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி என்று வடசென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஜெராக்ஸ் கடை கண்ணில் படும். காலேஜ் அட்மிஷன், கரண்ட் பில், ஆதார் பிரிண்ட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே ஒரே கம்ப்யூட்டரில்தான் நடக்கும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிற கம்ப்யூட்டரில் மத்தியான வேளையில் யாராவது யூடியூப் பார்ப்பார்கள். வீட்டில் அக்கா, தம்பி, அப்பா மூன்று பேரும் மாற்றி மாற்றி உட்காரும் கம்ப்யூட்டரும் இந்த ரகம்தான்.

இப்படிப் பலர் தொடுகிற கம்ப்யூட்டருக்காகத்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கிறது, பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேவையானது பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. மற்றவர்களுடைய ஆதாரும் பான் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் வந்துபோகிற இடம் என்பதால், இதைக் கடைக்காரரின் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

முதல் வேலை: அட்மின் அக்கவுண்ட்டைத் தனியாகப் பிரிப்பது

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நிறைய கடைகளில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நேராக அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் திறக்கும், பாஸ்வேர்டும் இருக்காது. கல்லாச் சாவியைக் கடை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிடுவது போன்றது அது. உட்காருகிற யாரும் எதையும் இன்ஸ்டால் செய்யலாம். அவர்கள் தெரியாமல் திறக்கிற ஸ்பைவேருக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். ஸ்பைவேர் என்பது நாம் தட்டுவதையும் பார்ப்பதையும் சத்தமில்லாமல் வெளியே அனுப்புகிற புரோகிராம்.

புது அக்கவுண்ட் திறந்தால் பழைய ஃபைல், டெஸ்க்டாப், பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி அமைக்கவேண்டுமே என்று பயந்துதான் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அது தேவையில்லை. புது அக்கவுண்ட்டை அட்மினாக்கிவிட்டு, பழையதைச் சாதாரண அக்கவுண்ட்டாக இறக்கிவிட்டால் போதும்.

1. செட்டிங்ஸ் > அக்கவுண்ட்ஸ் > அதர் யூசர்ஸ் போங்கள். விண்டோஸ் 10-ல் அது ‘ஃபேமிலி அண்டு அதர் யூசர்ஸ்’ என்று இருக்கும்.
2. புது அக்கவுண்ட் சேர்க்கும் பட்டனை அழுத்துங்கள். மெயில் ஐடி கேட்டால், அந்த நபரின் சைன்-இன் விவரம் இல்லை என்கிற வரியை அழுத்தி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.
3. ‘உரிமையாளர்’ என்பதுபோல ஒரு பெயர் கொடுத்து, நீளமான பாஸ்வேர்டு போடுங்கள். நோட்டில் எழுதிப் பூட்டி வைத்தாலும் தப்பில்லை. மானிட்டரில் மட்டும் ஒட்டாதீர்கள்.
4. பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி, ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ போய், அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.
5. பழைய அக்கவுண்ட்டை சைன் அவுட் செய்து, புது அக்கவுண்ட்டில் நுழையுங்கள். அதே பக்கத்தில் பழைய அக்கவுண்ட்டை ‘ஸ்டாண்டர்டு யூசர்’ ஆக மாற்றுங்கள்.

அவ்வளவுதான். இனி வழக்கம்போலப் பழைய அக்கவுண்ட்டிலேயே வேலை செய்யலாம், ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். எதையாவது முழுக் கம்ப்யூட்டருக்கும் இன்ஸ்டால் செய்யவோ முக்கிய செட்டிங்கை மாற்றவோ போனால் விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் எதுவும் இன்ஸ்டால் செய்யாத நேரத்தில் அந்தப் பெட்டி வந்தால், ‘நோ’ கொடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

இது எல்லாவற்றையும் தடுத்துவிடாது. சாதாரண அக்கவுண்ட்டில் நுழைந்த ஒரு கெட்ட புரோகிராம் அந்த அக்கவுண்ட்டின் ஃபைல்களைப் படிக்க முடியும். ஆனால் ஆன்டிவைரஸை நிறுத்துவதும் விண்டோஸுக்குள் ஆழமாக வேர்விடுவதும் அதற்குச் சிரமம். சுத்தம் செய்கிறவருக்கு வேலை சுலபம்.

அப்டேட்

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அதனால் ‘அப்டேட் வந்தா ஸ்லோ ஆயிடும் அண்ணா’ என்று யாராவது நிறுத்தி வைத்திருந்தால் திரும்ப ஆன் செய்யுங்கள். இரவு கடை மூடும் நேரத்தில் ஓடவிட்டால் தொந்தரவு இருக்காது.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குள் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பாருங்கள். மெஷின் ரொம்பப் பழசு, பிரவுசிங்கும் பிரிண்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் போதும், இலவசம்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய தமிழ் ஃபான்ட்டும் ஓடினால்தான் நோட்டீஸ் வேலை நடக்கும் என்பதற்காக விண்டோஸ் 7 மெஷினை விடாமல் வைத்திருக்கும் டிடிபி கடைகள் உண்டு. அந்தக் கஷ்டம் புரிகிறது. அந்த மெஷினிலிருந்து நெட் கேபிளை உருவிவிடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்த பென்டிரைவ் மட்டும் அதில் ஏறட்டும்.

டிஃபெண்டர்

புது லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் காலாவதியாகி மூலையில் கத்திக்கொண்டிருந்தால் அன்-இன்ஸ்டால் செய்யுங்கள். அது போனதும் விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாக வேலையைத் தொடங்கும். அப்புறம் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். ஃபைல்களை அந்தந்த நேரமே சோதிக்கும் ரியல்-டைம் புரொடக்‌ஷன் ஆனில் இருக்கவேண்டும். ஆன்டிவைரஸை வேறு புரோகிராம் நிறுத்திவிடாமல் காக்கும் டேம்பர் புரொடக்‌ஷன் ஆனில் இருக்கவேண்டும். ‘ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில், தேவையில்லாத ஆப்களைத் தடுக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார் வகையறாக்களை இது பிடிக்கும்.

ஏற்கெனவே ஏதோ புகுந்திருக்கிறது என்று சந்தேகமா? ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகலாம். திறந்திருக்கும் ஃபைல்களை முதலில் சேவ் செய்துவிடுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசமாகச் சுத்தம் செய்யும் கருவிகள் கிடைக்கின்றன.

கிராக் செய்த (லைசென்ஸ் பூட்டை உடைத்த) போட்டோஷாப், லைசென்ஸ் இருப்பதுபோலக் காட்டும் ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. ‘இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க’ என்று அந்தக் கிராக்கோடு வரும் குறிப்பே சொல்லும். அப்படிச் சொல்கிற எதையும் தொடாதீர்கள். போட்டோ வேலைக்கு கிம்ப், டிசைனுக்கு இங்க்ஸ்கேப், கணக்குக்கு லிப்ரே ஆஃபீஸ் என்று நேர்மையான இலவச வழிகள் இருக்கின்றன.

மூலையில் வந்து நிற்கும் ‘வைரஸ்’ எச்சரிக்கை

‘கம்ப்யூட்டரில் 5 வைரஸ் இருக்கிறது’ என்று வலது மூலையில் விளம்பரம் மேல் விளம்பரமாக வருகிறதா? இதில் பெரும்பாலும் வைரஸே இருக்காது. சினிமா டவுன்லோடு தளம் ஏதோ ஒன்று ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா’ என்று கேட்டபோது யாரோ ‘அலவ்’ கொடுத்திருப்பார்கள்.

குரோமில் மூன்று புள்ளி > செட்டிங்ஸ் > பிரைவசி அண்டு செக்யூரிட்டி > சைட் செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் போங்கள். அனுமதித்த தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது, கடைக் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரி. அப்படியே எக்ஸ்டென்ஷன்ஸ் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு புரோகிராம்கள்) பக்கத்தையும் திறந்து, யார் போட்டது என்று தெரியாததை எடுத்துவிடுங்கள்.

திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, ‘மைக்ரோசாஃப்டுக்கு போன் செய்யவும்’ என்று ஒரு நம்பர் வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கத்தை ‘ரீஸ்டோர்’ செய்யவேண்டாம். அந்த நம்பருக்கு போன் செய்தவர்களிடம் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்பைப் போடச் சொல்வார்கள். அவை தம்மளவில் நல்ல ஆப்கள்தான். முன்பின் தெரியாதவர் கேட்டுப் போட்டால் மவுஸ் அவர் கைக்குப் போய்விடும்.

பென்டிரைவ்

‘அண்ணா, இதுல இருக்கிற ரெஸ்யூமை ரெண்டு காப்பி போடுங்க’ என்று நீட்டப்படும் பென்டிரைவ், அதற்கு முன் எத்தனை கடையில் செருகப்பட்டதோ தெரியாது. செருகியதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளேயை செட்டிங்ஸில் ஆஃப் செய்யுங்கள். செருகியதும் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’, ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். ரெஸ்யூம் என்று சொன்ன ஃபைலின் வாலில் டாட் இ.எக்ஸ்.இ. என்று இருந்தால் அது புரோகிராம், திறக்காதீர்கள். எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், அசல் ஃபோல்டர்கள் பெரும்பாலும் மங்கலாக அங்கேயே ஒளிந்திருக்கும். ஷார்ட்கட்டை மட்டும் தொடாமல், தேவையான ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். அந்த வாடிக்கையாளரிடமும் விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

வந்தவர்களின் காகிதங்கள்

ஸ்பைவேர் இல்லாமலே தகவல் கசிகிற இடம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். யார் யாருடைய ஆதாரோ மாதக்கணக்கில் கிடக்கும். தினமும் கடை மூடும்போது அதைக் காலிசெய்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்யுங்கள். வாடிக்கையாளர் தன் மெயிலையோ வாட்ஸ்அப்பையோ திறக்கவேண்டும் என்றால் குரோமின் கெஸ்ட் விண்டோவில் திறக்கச் சொல்லுங்கள், மூடியதும் லாகின் அழிந்துவிடும். பாஸ்வேர்டை சேவ் செய்யும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் வாடிக்கையாளராகப் போகிறவர் என்றால், கடையை விட்டு இறங்குவதற்கு முன் உங்கள் போனில் வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’ பார்த்து லாக் அவுட் செய்யுங்கள். ஆதார் நகல் கேட்கும் பல இடங்களில் மாஸ்க்டு ஆதார் போதும். அதில் கடைசி நான்கு எண் மட்டுமே தெரியும், ஆதார் தளத்திலேயே இறக்கலாம்.

மெயில், மெசேஜ்

‘இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்ற மெசேஜ் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு வந்த பொய். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தால் அதுவும் அதே ரகம். பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும், ஆப்பாக வராது. பேங்க் தளத்தைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி வங்கிகள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. மெசேஜில் வந்த லிங்க்கில் போகாமல், முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

துறைமுகத்தை ஒட்டி, சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் கிளியரிங் ஆபீஸ்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் தனியாக ஒன்று. ‘எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்’ என்று பழகிய பார்ட்டியிடமிருந்தே மெயில் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பரில் பேசி உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள். அவருடைய மெயிலை யாராவது பிடித்திருக்கலாம், அல்லது ஒரு எழுத்து மட்டும் மாற்றிய முகவரியாக இருக்கலாம். ஆபீஸ் மெயிலுக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம் போடுங்கள். ஸ்பேம் மெயிலில் உள்ள லிங்க்கையும் அன்சப்ஸ்கிரைபையும் தொடாமல் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ மட்டும் கொடுத்தால் போதும்.

பேக்கப்

டேலி டேட்டா, போட்டோ, டிசைன் ஃபைல் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, உடனே கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கிற பகுதி என்றால் அதை உயரமான அலமாரியில் வையுங்கள்.

மாட்டிக்கொண்டால்

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். கேபிளை உருவலாம், வைஃபையை ஆஃப் செய்யலாம். பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்குப் போகும் முன் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பேங்குக்கும் உடனே சொல்லுங்கள். தேசிய சைபர் கிரைம் தளத்தில் எழுத்திலும் புகார் கொடுங்கள். பாஸ்வேர்டுகளைப் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் மாற்றக்கூடாது, புதியதும் சேர்ந்து போய்விடும். வேறு போனில் முதலில் மெயில் பாஸ்வேர்டு, பிறகு பேங்க், அப்புறம் மற்றவை என்று மாற்றுங்கள். வந்த மெசேஜையும் பணம் போன ரசீதையும் அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, புகார் எண்ணோடு ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலும் பேங்கிலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.