அப்பாவின் சம்பளத்தை உங்கள் சம்பளத்தோடு ஒப்பிடுவது எப்படி?

"எழுநூறு ரூபாயில் குடும்பமே நடத்தினேன்" என்று அப்பா சொன்னதும் சவரன் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தங்கம் உலகச் சந்தையையும் டாலரையும் பார்த்து ஏறி இறங்குவது, அரிசி பருப்பு வாடகை எல்லாம் அந்த வேகத்தில் போவதில்லை.

முதலில் ஆண்டும் தொகையும் சரியாக வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, பாஸ்புக், வரவு செலவு நோட்டு எது கிடைத்தாலும் சரி. அது வெறும் அடிப்படைச் சம்பளமா, அகவிலைப்படி சேர்ந்ததா என்று பாருங்கள், நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

அப்புறம் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண், அதாவது விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண். ஒன்றிய அரசின் லேபர் பியூரோ மாதாமாதம் வெளியிடுகிறது, சென்னை, கோவை, மதுரைக்குத் தனியாகவும் உண்டு. குறியீட்டை 100 என்று வைத்துத் தொடங்கும் அடிப்படை ஆண்டு 1960, 1982, 2001, 2016 என்று மாறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வரிசை இருப்பதால் இன்றைய எண்ணை அன்றைய எண்ணால் அப்படியே வகுத்தால் விடை தப்பாக வரும். அகில இந்திய எண் என்றால், 2016 வரிசை எண்ணை 2.88ஆல் பெருக்கினால் 2001 வரிசைக்கு வரும், அதை 4.63ஆல் பெருக்கினால் 1982க்கு, மறுபடி 4.93ஆல் பெருக்கினால் 1960க்கு.

போட்டுப் பார்ப்போம். ஒன்றிய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1986 ஜனவரி முதல் 750 ரூபாய், 2016 ஜனவரி முதல் 18,000. பார்த்தால் 24 மடங்கு. 1986 சம்பளத்துக்கு எடுத்துக்கொண்ட குறியீடு 1960 வரிசையில் 608, 2016க்கு 2001 வரிசையில் 261.42. இதை 4.63, 4.93 இரண்டாலும் பெருக்கினால் சுமார் 5,967. அதை 608ஆல் வகுத்தால் விலைவாசி ஏறியது 9.8 மடங்கு. அதாவது அன்றைய 750, 2016இல் சுமார் 7,360 ரூபாய்க்குச் சமம். உண்மையான உயர்வு இரண்டரை மடங்கை ஒட்டி வருகிறது. இது அரசு வேலைக் கணக்கு. தனியார் வேலையில் இருப்பவர்கள் தங்கள் எண்களை வைத்துத்தான் போட வேண்டும், பலருக்கு இந்த அளவு வராது.

சராசரி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமலும் போகலாம். 1982 வரிசையில் உணவின் பங்கு நூற்றுக்கு 57, 2016 வரிசையில் 39.17. மிச்சமெல்லாம் வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவம், போக்குவரத்து என்று போகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம் என்பதால் அரிசி விலையை மட்டும் வைத்துப் பார்த்தாலும் ஏமாந்துபோவோம்.

அதனால் கடைசியாக ஒரு வேலை. அன்றைய பால் கணக்கு, வாடகை, பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று அம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத்தான் நினைவிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அப்பா எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது, நீங்கள் எத்தனை நாள் உழைக்கிறீர்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இன்று வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால் இரண்டு சம்பளத்தையும் சேர்த்துவிடாமல் தனித்தனியாகவே போடுங்கள்.